இடித்த வீட்டுக்குள்ளே இன்னொரு வீடு!

பட்டிமன்றத் தலைப்பு: இடித்த கட்டடத்தின் மிச்சம் – தொல்லையே! செல்வமே!
('செல்வமே' அணியின் இரண்டாவது பேச்சு)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என்னை எந்தப் பக்கத்திலிருந்து இடிக்கலாம் என்று கடப்பாரையோடு காத்திருக்கிற எதிரணி நண்பர்களே! நான் இடிந்து விழுந்தால் தாங்கிப் பிடிக்க உட்கார்ந்திருக்கிற என் அணித் தோழர்களே! அரங்கத்திலேயும், அவரவர் வீட்டுக் கூடத்திலேயும் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! 

எனக்கு முன்னாலே பேசின சகோதரி அழகாச் சொன்னாங்க. "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்னு பெரியவங்க சொல்லி வைச்சாங்க. வீட்டை இடிச்சுப்பார்னு யாரும் சொல்லலை. இடிச்சுப் பார்த்தவனுக்குத்தான் அந்தத் தொல்லை தெரியும்"னாங்க. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். எதிரணிக்குக் கை தட்டலாமான்னு கேட்காதீங்க. நான் இடிச்சுப் பார்த்தவன். அந்தக் கதையைக் கடைசியிலே சொல்றேன். அதுக்கு முன்னாலே சகோதரியோட சமையலறைக்கு ஒரு நடை போயிட்டு வரணும்.

நடுவர் அவர்களே, காலையிலே பத்து இட்லி மிஞ்சிப் போச்சு. நம்ம வீட்டுத் தாய்மார்கள் தெருவிலேயா கொட்டுவாங்க? சாயங்காலம் தாளிச்சு, உதிர்த்து, கொத்தமல்லி தூவி 'இட்லி உப்புமா'ன்னு தட்டிலே வந்துடும். (சிரிப்பு) மிஞ்சின சோத்துக்குத் தண்ணி ஊத்தினா மறுநாள் பழையது. மாவு புளிச்சுப் போச்சா? பணியாரம். பாட்டியோட பட்டுப் புடவை கிழிஞ்சு போச்சா? பேத்திக்குப் பாவாடை. ஐயாவோட வேட்டி நைஞ்சு போச்சா? அடுப்பிலேயிருந்து பாத்திரம் இறக்குற கரித்துணி. சில வீட்டிலே ஐயாவையே அப்படித்தான் வைச்சிருக்காங்க, அது வேற விஷயம். (சிரிப்பு)

இப்படி ஒரு இட்லியை எறிய மனசு வராத நாம, ஒரு வீட்டையே தூக்கி எறியறோமே! இது நியாயமா? இதைத்தான் நான் கேட்க வந்தேன்.

கான்கிரீட்டுன்னா என்ன? அனுபவசாலி மேஸ்திரி எவரையாவது கேளுங்க. 'ஒண்ணு, ரெண்டு, நாலு'ன்னு சொல்லுவார். ஒரு பங்கு சிமென்ட், ரெண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. மொத்தம் ஏழு பங்கு. அதிலே ஆறு பங்கு மணலும் கல்லும்தான். சிமென்ட் என்பது பசை. உடம்பு என்பது கல். நாம வீடு வீடுன்னு சொல்றோமே, அது என்ன? ஒரு மலையை உடைச்சு, ஒரு ஆத்தை வழிச்சு, நடுவிலே பசை தடவி நிறுத்தி வைச்சிருக்கோம். அவ்வளவுதான்.

சரி, கட்டடத்துக்கு வயசாச்சு. ஐம்பது வருஷம் ஆச்சு. இடிக்கிறோம். இப்போ நான் கேட்கிறேன், கட்டடத்துக்கு வயசானா கல்லுக்கும் வயசாயிடுமா? சென்னைக்குப் பக்கத்திலே பல்லாவரம், பரங்கிமலை. அங்கே இருக்கிற பாறைக்குச் சார்னோகைட்டுன்னு பேர். அதோட வயசு இருநூறு கோடி வருஷத்துக்கும் மேலே. இருநூறு கோடி வருஷம் நின்ன கல்லு, நம்ம வீட்டுச் சுவருக்குள்ளே ஐம்பது வருஷம் இருந்ததும் கிழடாயிடுச்சாம்! வேலை செய்ய லாயக்கில்லையாம்! நல்லா உழைக்கிற ஆளை, 'உனக்கு வயசாச்சு, வீட்டுக்குப் போ'ன்னு அனுப்பற ஆபீஸ் மாதிரி இருக்கு இது. (கைதட்டல்)

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "பழைய கல்லை வைச்சுப் புது வீடு கட்டினா நிக்குமா? உங்க பிள்ளைக்கு அப்படி ஒரு வீடு கட்டிக் கொடுப்பீங்களா?" நல்ல கேள்வி. பயப்படாம பதில் சொல்றேன்.

முதல்லே அந்தக் கல்லு எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கணும். இடிச்ச குவியலை அப்படியே அள்ளிக் கலவையிலே போடறதில்லை. ஆலைக்கு வந்ததும் மரம், துணி, பிளாஸ்டிக் எல்லாத்தையும் பொறுக்கி எடுக்கணும். தாடை மாதிரி ரெண்டு இரும்புத் தகடு இருக்கிற எந்திரம் கடிச்சு உடைக்கும். உள்ளேயிருந்து வர்ற கம்பியைக் காந்தம் இழுத்துக்கும். அப்புறம் சல்லடை. முக்கால் இஞ்ச் தனி, அரை இஞ்ச் தனி, பொடி தனி. நல்ல ஆலையிலே தண்ணி விட்டுக் கழுவவும் செய்வாங்க.

இப்போ அந்த ஜல்லியைக் கையிலே எடுத்துப் பாருங்க. புது ஜல்லிக்கும் இதுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். கல்லு மேலே பழைய சாந்து கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும். அந்தச் சாந்திலே கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். அதனாலே அது தண்ணி குடிக்கும். புதுசா வாங்கின மண்பானை தண்ணி குடிக்குமே, அந்த மாதிரி. புது ஜல்லி நூறு கிலோ சுமார் ஒரு கிலோ தண்ணி உறிஞ்சும்னா, இது நாலு, அஞ்சு கிலோ, சில சமயம் அதுக்கு மேலேயும் உறிஞ்சும்.

இதனாலே என்ன ஆகும்? கலவைக்குன்னு ஊத்தின தண்ணியை ஜல்லி குடிச்சுடும். கலவை இறுகிப் போகும். மேஸ்திரி என்ன செய்வார்? "சித்தாளு, இன்னும் ரெண்டு வாளி ஊத்தும்மா"ன்னுவார். அங்கேதான் வீட்டோட பலம் போகுது! கான்கிரீட்டிலே தண்ணி கூடினா பலம் குறையும். குத்தம் கல்லு மேலே இல்லே, வாளி மேலே. (கைதட்டல்)

இதுக்கு வழி இல்லையா? இருக்கு. தாய்மார்களுக்கு நான் சொல்லித் தரணுமா? கொண்டைக்கடலையை ஊற வைக்காமக் குக்கரிலே போடுவீங்களா? ராத்திரியே ஊற வைப்பீங்க. அதே கதைதான். இந்த ஜல்லியை முன்கூட்டியே நனைச்சு ஊற வைச்சுட்டுக் கலவையிலே போடணும். இது நான் சொல்றதில்லே. இந்தியத் தர நிர்ணயத்திலே ஜல்லிக்கும் மணலுக்கும் ஐ.எஸ். 383-னு ஒரு விதி இருக்கு. 2016-லே அதைத் திருத்தி எழுதினாங்க. அதிலேயே இது இருக்கு.

அந்த விதி இன்னும் என்ன சொல்லுது? எதிரணி குறிச்சு வைச்சுக்கலாம், நான் மறைக்கப் போறதில்லே. பழைய கான்கிரீட்டை உடைச்சு எடுத்த ஜல்லியை, கம்பி இல்லாத கான்கிரீட்டிலே 25 சதவிகிதம் வரைக்கும் சேர்க்கலாம். கம்பி கட்டின கான்கிரீட்டிலே, எம்-25 தரம் வரைக்கும், 20 சதவிகிதம் சேர்க்கலாம். எம்-15-க்குக் கீழே, அஸ்திவாரத்துக்கு அடியிலே படுகையாப் போடறாங்களே, அதுக்கு நூத்துக்கு நூறு அதையே போடலாம். செங்கல்லும் ஓடும் கலந்து வந்த ஜல்லியா? அந்தப் படுகையோட நிறுத்திக்கணும். தூணுக்கும் தளத்துக்கும் அது ஆகாது.

(நடுவர்: அப்போ இருபது சதவிகிதம்தான் செல்வம்னு ஒத்துக்கிறீங்களா? மீதி எண்பது?)

ஐயா, இட்லி உப்புமா நல்லாத்தான் இருக்கும். அதுக்காகச் சம்பந்தி வீட்டாருக்கு முதல் பந்தியிலே அதையே போட முடியுமா? (பலத்த சிரிப்பு) எது எங்கே போகணுமோ அங்கே போகணும். ஒரு பொருள் எல்லா இடத்துக்கும் ஆகாதுங்கிறதுக்காக எந்த இடத்துக்குமே ஆகாதுன்னு சொல்லலாமா? அப்படிப் பார்த்தா, மன்னிச்சுக்குங்க, மாப்பிள்ளைகளே யாருக்கும் கிடைக்க மாட்டாங்க. (சிரிப்பு, கைதட்டல்)

புதுசுதான் பலம்னு சகோதரி சொன்னாங்க. 2014-ஆம் வருஷம் ஜூன் 28. சென்னை மௌலிவாக்கத்திலே கட்டி முடிக்காத புத்தம்புது பதினோரு மாடிக் கட்டடம் சரிஞ்சு விழுந்தது. 61 உயிர் போச்சு. அதை நினைச்சா இன்னிக்கும் நெஞ்சு பதறுது. அந்தக் கட்டடத்திலே பழசுன்னு எதுவுமே கிடையாது. ஆக, பலம் என்பது புதுசிலேயும் இல்லே, பழசிலேயும் இல்லே. கணக்கிலே இருக்கு, சோதனையிலே இருக்கு, மேற்பார்வையிலே இருக்கு.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச புதுச் சங்கதின்னு நினைக்காதீங்க. பழைய சென்னை வீடுகளிலே 'மெட்ராஸ் டெரஸ்'னு மாடித் தளம் போடுவாங்களே, ஞாபகம் இருக்கா? தேக்கு உத்திரம், மேலே செங்கல் அடுக்கு, அதுக்கு மேலே சுண்ணாம்போட கலந்த செங்கல் ஜல்லி. கடுக்காய் ஊறின தண்ணி, வெல்லத் தண்ணி தெளிச்சு, பெண்கள் வரிசையா உட்கார்ந்து கட்டையாலே தட்டித் தட்டி இறுக்குவாங்க. நூறு வருஷம் தாண்டி நின்ன தளங்கள் உண்டு. செங்கல்லை உடைச்சா அது ஜல்லின்னு நம்ம தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்கு அது ரப்பிஷ்!

முல்லைப் பெரியாறு அணை! தேனி மாவட்டத்துக்காரங்க பென்னிகுயிக் படத்தைப் பூஜை அறையிலே வைச்சுக் கும்பிடறாங்க. 1895-லே கட்டி முடிச்சது. அதிலே கல்லை ஒட்ட வைச்சது எது? சுண்ணாம்பும் சுர்க்கியும். சுர்க்கின்னா என்ன? சுட்ட செங்கல்லை அரைச்ச பொடி! அந்தப் பொடி சுண்ணாம்போட சேர்ந்து தண்ணிக்குள்ளேயும் இறுகி நிக்கும். அஞ்சு மாவட்டத்துக்குச் சோறு போடுதய்யா அந்தச் செங்கல் பொடி! (கைதட்டல்)

எதிரணி நண்பர் ஜெர்மனியைப் பத்திச் சொன்னார். இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு, இடிபாட்டைக் கொட்ட இடமில்லாம பெர்லின்லே ஒரு மலையே உருவாச்சு, 'பார்த்தீங்களா தொல்லையை'ன்னார். உண்மைதான். அந்த மலை இன்னிக்கும் நிக்குது. ஆனா நண்பர் பாதிக் கதையோட நிறுத்திக்கிட்டார். அதே நகரங்களிலே, புருஷன் போர்க்களத்திலேயோ சிறையிலேயோ இருக்க, ஆயிரக்கணக்கான பெண்கள் கையிலே சுத்தியலை எடுத்துக்கிட்டு இடிபாட்டுக்கு நடுவிலே உட்கார்ந்தாங்க. ஒவ்வொரு செங்கல்லாத் தட்டி, ஒட்டின காரையைச் சுரண்டி அடுக்கி வைச்சாங்க. உடைஞ்சதை அரைச்சுக் கான்கிரீட் கல்லாக்கினாங்க. அந்தக் கல்லிலே புது வீடு எழுந்தது. எறியறதுக்கு மனசு வராத பெண்கள் ஒரு தேசத்தையே தூக்கி நிறுத்தினாங்க. அது தொல்லையா, செல்வமா? (பலத்த கைதட்டல்)

நம்ம நாட்டிலேயும் நடக்குது. டில்லியிலே புராரிங்கிற இடத்திலே 2009-லேயே கட்டடக் கழிவை அரைக்கிற ஆலை வந்தாச்சு. இந்தியாவிலே முதல் ஆலை அதுதான். 2022 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நொய்டா இரட்டைக் கோபுரத்தை டி.வி.யிலே பார்த்திருப்பீங்க. கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரம். ஒன்பது வினாடியிலே தரைமட்டம். தூசி அடங்கினதும் நாம சேனலை மாத்திட்டோம். ஆனா அங்கே மிஞ்சினது சுமார் 80,000 டன். லாரிக்குப் பத்து டன்னுன்னு போட்டா 8,000 நடை! அதிலே ஒரு பகுதி அதே ஊரிலே இருக்கிற கட்டடக் கழிவு ஆலைக்குப் போய் அரைபட்டுது. சென்னையிலேயும் பெருங்குடி, கொடுங்கையூர்னு ரெண்டு இடத்திலே மாநகராட்சி ஆலை வைச்சிருக்கு. ஜப்பானிலே இடிச்ச கான்கிரீட் ஏறக்குறைய முழுசும் மறுபடி உபயோகத்துக்கு வருது. பெரும்பகுதி ரோட்டுக்கு அடியிலே போகுது.

சட்டமும் இருக்கு. 2016-லே மத்திய அரசு விதி போட்டுது. இடிக்கிறவனே பிரிச்சு, சேர்க்க வேண்டிய இடத்திலே சேர்க்கணும். நகராட்சி, அரசாங்க ஒப்பந்த வேலைகளிலே 10-லேயிருந்து 20 சதவிகிதம் இந்தப் பொருளையே வாங்கணும்னு அந்த 2016 விதியிலே சொல்லியிருந்தாங்க. 2025-லே இன்னும் கடுமையான புது விதி அறிவிச்சாங்க. 2026 ஏப்ரல் 1 அதுக்கு ஆரம்ப நாள். 20,000 சதுர மீட்டரும் அதுக்கு மேலேயும் கட்டறவங்களுக்கு அதிலே தனிப் பொறுப்பே வைச்சிருக்காங்க.

அப்போ எல்லாம் சரியாப் போச்சான்னு கேட்டா, இல்லே. சட்டம் கெஜட்டிலே இருக்கு, ஆலை பெருங்குடியிலே இருக்கு. லாரி மட்டும் வேற எங்கேயோ போகுது. அந்த லாரியைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

நடுவர் அவர்களே, இது என் சொந்தக் கதை. எங்க அப்பா 1968-லே சென்னைக்கு வெளியிலே ஒரு புறநகரிலே சின்னதா வீடு கட்டினார். கையிலே காசு சேரச் சேர ஒரு அறை, ஒரு சமையல்கட்டுன்னு கட்டின வீடு. தரைக்குச் சிவப்பு சிமென்ட். பூஜை அறையிலே மட்டும், சிவப்புத் தரைக்கு நடுவிலே மஞ்சள் சிமென்டாலே ஒரு கோலம். அம்மா ஆசைப்பட்டுக் கேட்டது. கொத்தனாருக்குக் கோலம் வராதுன்னு அம்மாவே உட்கார்ந்து ஆணியாலே கீறிக் கொடுத்தாங்க.

அப்பா போன பிறகு 2010-லே அந்த வீட்டை இடிச்சேன். மாடி வீடு கட்டணும்னு ஆசை. இடிக்கிற காண்ட்ராக்டர் கதவு, ஜன்னல், உத்திரம், கம்பி எல்லாத்தையும் விலை பேசி எடுத்துக்கிட்டார். மிச்சத்தை அள்ள லாரி வந்தது. நான் டிரைவரைக் கேட்டேன், "எங்கேப்பா கொண்டுபோய்க் கொட்டுவீங்க?" அவர் சிரிச்சார். "சார், அதை நீங்க கேட்கவும் கூடாது, நான் சொல்லவும் கூடாது"ன்னார். நானும் சிரிச்சேன். அதுக்கு மேலே கேட்கலை. நமக்கென்ன, நம்ம வாசல் காலியானாப் போதும்! பன்னிரண்டு நடை. எல்லாம் ராத்திரியிலே.

2015 டிசம்பர். சென்னையிலே வெள்ளம். என் புது வீட்டுக் கூடத்திலே இடுப்பளவு தண்ணி. எழுபத்தஞ்சு வயசு அம்மாவை நாற்காலியோட தூக்கி மாடிக்குக் கொண்டுபோனேன். நாலு நாள் கரெண்ட் இல்லே, பால் இல்லே. தண்ணி வடிஞ்ச பிறகு, ஏன் இந்த அளவுக்கு வந்ததுன்னு பார்க்க நாலு பேர் ஏரிக்கரைக்குப் போனோம். எங்க பக்கத்து ஏரிதான். தண்ணி வெளியேற வேண்டிய கால்வாய் ஓரம் முழுக்க மேடு. மேட்டு மேலே கருவேல மரம். வெள்ளம் அரிச்சு அந்த மேட்டோட வயித்தைக் கிழிச்சுப் போட்டிருந்தது. உள்ளே என்ன? செங்கல், சாந்து, உடைஞ்ச கான்கிரீட். அதுக்கு நடுவிலே கையகலத்துக்கு ஒரு சிவப்புச் சில்லு. அதிலே மஞ்சள் கோடு. ரெண்டு வளைவு, ஒரு புள்ளி.

எடுத்துக்கிட்டு வந்து அம்மா கையிலே கொடுத்தேன். அவங்க விரலாலே தடவிப் பார்த்தாங்க. அவங்க கீறின கோடு அவங்களுக்குத் தெரியாதா? ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க: "உங்கப்பா கட்டின வீடு நாற்பது வருஷம் மழைத் தண்ணி உள்ளே வராம நம்மைக் காப்பாத்திச்சு. நீ அந்த வீட்டைக் கொண்டுபோய் ஏரியிலே போட்டு, ஏரித் தண்ணியை வீட்டுக்குள்ளே கூட்டிக்கிட்டு வந்துட்டியேடா."

(அரங்கில் அமைதி)

என் பன்னிரண்டு லாரியாலே மட்டும் வெள்ளம் வரலை. அது எனக்கும் தெரியும். அன்னிக்குப் பெஞ்ச மழை அப்படி. ஆனா என்னை மாதிரி எத்தனை பேர் சிரிச்சுட்டுச் சும்மா இருந்தோம்? எத்தனை பன்னிரண்டு? அந்த டிரைவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய கேள்வியைப் பாதியிலே விட்டது நான்.

எதிரணி உடனே எழுந்து, "பார்த்தீங்களா, தொல்லைன்னு அவரே ஒத்துக்கிட்டார்"னு சொல்லுவாங்க. நான் சொல்றேன், அந்தக் கல்லு தொல்லை இல்லே. அதைக் கொண்டுபோய்ப் போட்ட இடம் தொல்லை. பணம் பெட்டியிலே இருந்தா செல்வம். சாக்கடையிலே அடைச்சு வைச்சா அடைப்பு. அதுக்காகப் பணத்தையே தொல்லைன்னு சொல்லுவீங்களா? அந்தப் பன்னிரண்டு லாரியிலே, என் புது வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியிலே போட வேண்டிய ஜல்லி அத்தனையும் இருந்தது! அதை நான் காசு கொடுத்து ஏரியிலே கொட்டினேன். அப்புறம் காசு கொடுத்து வேற மலையை உடைச்ச ஜல்லியை வாங்கிப் போட்டேன். ஒரே நாளிலே ஒரு ஏரியையும் கெடுத்தேன், ஒரு மலையையும் கெடுத்தேன். ரெண்டுக்கும் பில் வைச்சிருக்கேன்! (கைதட்டல்)

அதனாலே வீட்டிலே இருந்து பார்க்கிற குடும்பத்தாருக்கு நாலே நாலு வார்த்தை.

ஒண்ணு. வீட்டை இடிக்க ஒப்பந்தம் போடறப்பவே, 'கழிவு எங்கே போகுது, சேர்த்ததுக்கு ரசீது எங்கே'ன்னு எழுதி வாங்குங்க. பதில் சொல்லாம சிரிச்சா, நீங்களும் சிரிக்காதீங்க.

ரெண்டு. பிரிச்சு இடிங்க. கான்கிரீட் தனி, செங்கல் தனி. பால்ஸ் சீலிங், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இதுலே எல்லாம் ஜிப்சம் இருக்கு. அது கான்கிரீட்டுக்குள்ளே போனா உள்ளேயே இருந்து கெடுக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கவே உடைக்காதீங்க. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

மூணு. நீங்களா உடைச்சுத் தூணிலே, தளத்திலே போட்டுடாதீங்க. அது என்ஜினீயர் சோதிச்சு, கணக்குப் போட்டுச் செய்யற வேலை.

நாலு. அடுத்த தடவை வாசலுக்கு நடைபாதைக் கல் வாங்கறப்போ, 'கட்டடக் கழிவிலே செஞ்சது இருக்கா'ன்னு கேளுங்க. நாம கேட்டாத்தான் கடைக்காரர் வைப்பார். கடைக்காரர் வைச்சாத்தான் ஆலை ஓடும். ஆலை ஓடினாத்தான் லாரி ஏரிப் பக்கம் திரும்பாம நேராப் போகும்.

நடுவர் அவர்களே! அந்தச் சிவப்புச் சில்லை இப்போ என் வீட்டுப் பூஜை அறைத் தரையிலே பதிச்சு வைச்சிருக்கேன். அம்மா இருந்த வரைக்கும் தினம் காலையிலே அதைச் சுத்திக் கோலம் போட்டாங்க. கையகலம்தான். இடிச்ச வீட்டிலேயிருந்து எனக்குத் திரும்பக் கிடைச்சது அவ்வளவுதான். மீதி ஏரியிலே கிடக்கு.

இனிமேல் வீட்டை இடிக்கப் போற யாரும், நான் இழந்த மாதிரி அதை இழக்க வேண்டாம். இடித்த கட்டடத்தின் மிச்சம் செல்வமே, செல்வமே என்று தீர்ப்புச் சொல்லுமாறு கேட்டு, அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)